கெஸ்டரைட் செல் 4 விழுக்காட்டைத் தாண்டவில்லை: படலத்தைத் தடிமனாக்கலாமா?

கமலி, கஜாங் | 3 மார்ச் 2025, இரவு 9:12

வணக்கம். முதுகலை ஆய்வுக்காகச் சூரிய மின்செல்லுக்கான கெஸ்டரைட் படலம் செய்கிறேன். தாமிரம், துத்தநாகம், வெள்ளீயம் மூன்றையும் ஸ்பட்டரிங்கில் (வெற்றிடத்தில் உலோக அணுக்களைத் தெறிக்கவைத்துப் பூசும் முறை) அடுக்கி, பிறகு கந்தக ஆவியில் 560 டிகிரி வரை சூடாக்குகிறேன். மேலே காட்மியம் சல்பைடு. நல்ல செல்லின் அளவுகள்: மின்னழுத்தம் 540 மில்லிவோல்ட், மின்னோட்டம் சதுர செண்டிமீட்டருக்கு 15 மில்லி ஆம்பியர், ஃபில் ஃபேக்டர் (மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் வருவதில் உண்மையில் கையில் கிடைக்கும் பங்கு) 48 விழுக்காடு. மொத்தத்தில் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் திறன் 3.9 விழுக்காடு. இதற்கு மேல் ஏறவே இல்லை. படலம் இப்போது 1 மைக்ரான். 2 மைக்ரான் ஆக்கினால் வெளிச்சத்தை அதிகம் வாங்கும் என்று ஆய்வகத்தில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பிறைக்காரன் | 3 மார்ச், இரவு 10:40

வேண்டாம் தங்கச்சி. அதில் ஒரு மாதம் போகும், மின்னோட்டம் அநேகமாக அதே இடத்தில் நிற்கும்.

சால்கோஜனைடு பொருள்கள் (கந்தகம், செலினியம், டெல்லுரியம் சேர்ந்தவை) வெளிச்சத்தை விழுங்குவதில் பெரிய பசிக்காரர்கள். சிலிக்கான் தகடு 150 மைக்ரானுக்கு மேல் இருந்து செய்கிற வேலையை இவை ஒன்றிரண்டு மைக்ரானில் முடித்துவிடும். உன் 1 மைக்ரானிலேயே வாங்கவேண்டிய வெளிச்சத்தில் பெரும்பகுதி வாங்கியாகிவிட்டது. வாங்கிய பிறகு பிறக்கிற எலக்ட்ரான், படலமும் மேலே உள்ள சல்பைடும் சேரும் சந்திப்புவரை நடந்து வரவேண்டுமே, அங்கேதான் சிக்கல். கெஸ்டரைட்டில் அது சில நூறு நானோமீட்டர் நடப்பதற்குள் செத்துவிடும். தடிமனைக் கூட்டினால் நடக்கவேண்டிய தூரமும் தொடர் மின்தடையும்தான் கூடும்.

உன் மூன்று எண்களையும் உச்ச வரம்போடு ஒப்பிட்டுப் பார். 1.5 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்த அளவு ஆற்றல்) உள்ள பொருளுக்கு, 1961இல் ஷாக்லியும் குவைசரும் போட்ட கணக்குப்படி, மின்னழுத்தம் ஏறத்தாழ 1.2 வோல்ட், மின்னோட்டம் 29 மில்லி ஆம்பியர், ஃபில் ஃபேக்டர் 90 வரை போகலாம். உனக்கு மின்னோட்டத்திலும் ஃபில் ஃபேக்டரிலும் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. மின்னழுத்தம் பாதிகூட இல்லை. மூன்றில் மிக மோசமாக அடிவாங்கியிருப்பது அதுதான்.

பிறைக்காரன் | 3 மார்ச், இரவு 11:25

தூக்கம் வரவில்லை, இன்னொன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் எங்கே போனாலும் மின்னழுத்தம்தான் கதை. நம்ப முடியாவிட்டால் இரண்டு சாதனைச் செல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

2016இல் காட்மியம் டெல்லுரைடு 22.1 விழுக்காடு தொட்டது. அதன் மின்னோட்டம் 31.7 மில்லி ஆம்பியர், மின்னழுத்தம் 887 மில்லிவோல்ட். காலியம் ஆர்சனைடு 29.1 விழுக்காடு எடுத்த செல்லில் மின்னோட்டம் 29.8தான்! காட்மியம் டெல்லுரைடைவிடக் குறைவு. ஆனால் மின்னழுத்தம் 1.127 வோல்ட், ஃபில் ஃபேக்டரும் மேலே. இரண்டின் ஆற்றல் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்று. அதாவது மெல்லிய படலத்துக்காரர்கள் வெளிச்சத்தைப் பிடிக்கும் வேலையை முடித்துவிட்டார்கள். ஏழு விழுக்காடு நழுவுவது அந்த 240 மில்லிவோல்ட்டிலும் அதோடு சேர்ந்து விழும் ஃபில் ஃபேக்டரிலும்.

காலியம் ஆர்சனைடு ஒற்றைப் படிகம், விலை யானை விலை. நம்முடையது கண்ணாடிமேல் பூசிய பல்படிகம், சிறு சிறு படிக மணிகள் சேர்ந்தது. மணிக்கு மணி எல்லை, அடுக்குக்கு அடுக்கு எல்லை. ஒவ்வொரு எல்லையிலும் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) சந்தித்துக் காணாமல் போகின்றன.

கமலி | 4 மார்ச், காலை 8:05

நன்றி அண்ணே. அப்படியென்றால் மணிகளைப் பெரிதாக்கினால் எல்லை குறையும் அல்லவா? சூட்டைக் கூட்டிப் பார்க்கிறேன்.

பிறைக்காரன் | 4 மார்ச், மதியம் 1:10

பொறு பொறு. 580க்கு மேல் போனால் வெள்ளீய சல்பைடு ஆவியாகிப் பறந்துவிடும். அடியில் மின்முனையாக இருக்கும் மாலிப்டினத்தோடும் படலம் வினைபுரியும், அங்கே ஓட்டை ஓட்டையாக விழும். மின்னணு நுண்ணோக்கியில் குறுக்குவெட்டைப் பார்த்தால் மேலே அழகான பெரிய மணிகள் தெரியும், அடியில் குகை இருக்கும். அந்தப் படத்தை ஆய்வேட்டின் அட்டையில் போடலாம். செல் வேலை செய்யாது.

சூட்டைக் கூட்டுவதற்கு முன் இதைச் செய்: கிராஃபைட் பெட்டிக்குள் கந்தகத்தோடு கொஞ்சம் வெள்ளீய சல்பைடு பொடியும் வை. ஆவி அழுத்தம் பெட்டிக்குள் நிறைந்திருந்தால் படலத்திலிருந்து வெளியேறுவது அடங்கும். கலவை விகிதத்தையும் சொல். தாமிரம் குறைவாகவும் துத்தநாகம் கூடுதலாகவும் இருக்கிறதா? தாமிரத்தை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.8 பக்கம் வரவேண்டும். துத்தநாகத்துக்கும் வெள்ளீயத்துக்கும் இடையே 1.2.

பிறைக்காரன் | 4 மார்ச், மாலை 6:30

கேட்க மறந்துவிட்டேன், உன் கண்ணாடி என்ன கண்ணாடி?

கமலி | 4 மார்ச், இரவு 7:48

விகிதம் 0.82, 1.15. கண்ணாடி போரோசிலிக்கேட். சூட்டைத் தாங்கும் என்று வாங்கி வைத்திருந்தார்கள்.

பிறைக்காரன் | 4 மார்ச், இரவு 8:15

விகிதம் அருமை. கண்ணாடியை நாளைக்கே மாற்று. சாதாரண ஜன்னல் கண்ணாடி, சோடா சுண்ணாம்புக் கண்ணாடி, அதுதான் வேண்டும். விலையும் மலிவு.

இதற்குப் பின்னால் நல்ல வரலாறு உண்டு. 1993இல் சுவீடனில் தாமிர இண்டியம் செலினைடு செல் செய்தவர்கள், சோடா சுண்ணாம்புக் கண்ணாடியில் செய்த செல் மட்டும் தூக்கலாக வருவதைக் கவனித்தார்கள். சூடாக்கும்போது கண்ணாடியிலிருந்து சோடியம் மாலிப்டினத்தைத் தாண்டி மேலேறிப் படலத்துக்குள் போகிறது. துளைகளின் அடர்த்தியைக் கூட்டுகிறது, மணி எல்லைகளின் குறைகளை அடைக்கிறது. அதுவரை பலர் சோடியத்தை அழுக்கு என்று நினைத்து விலக்கி வைத்திருந்தார்கள். 2013இல் சுவிட்சர்லாந்தில் பொட்டாசியம் ஃபுளூரைடு பூசி வளையும் தாளில் 20.4 விழுக்காடு எடுத்தார்கள். அப்புறம் ருபீடியம், சீசியம் என்று அந்த வரிசையிலேயே இறங்கிப் போனார்கள். அந்தக் குடும்பம் இப்போது 23.6 விழுக்காட்டில் நிற்கிறது. கெஸ்டரைட்டுக்கும் சோடியம் உதவும். அதே அளவு துள்ளல் வராது, ஆனால் உதவும்.

பிஎம் தாத்தா, புக்கிட் மெர்தாஜாம் | 5 மார்ச், காலை 7:20

நீங்கள் பேசுவதில் பாதி புரியவில்லை, படிக்கச் சுவையாக இருக்கிறது. என் வீட்டுக் கூரைக்குத் தகடு போட ஆள் வந்து விலை சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பக்கத்திலேயே கூலிமில் மெல்லிய படலத் தகடு செய்கிறார்களாமே, வெயிலுக்கு அதுதான் நல்லது என்கிறார்கள். வாங்கலாமா?

பிறைக்காரன் | 5 மார்ச், மதியம் 12:50

ஐயா, கூலிமில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலையில் செய்வது காட்மியம் டெல்லுரைடு. 2008 முதல் அங்கே உற்பத்தி நடக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் ஏக்கர்கணக்கில் போடும் மின்நிலையங்களுக்குப் போகும். உங்கள் மாடி வீட்டுக் கூரையில் இடம் குறைவு, அதற்கு விழுக்காடு கூடிய சிலிக்கான் தகடே போடுங்கள். இடம் குறைந்தவருக்குச் சதுர அடிக்கு எவ்வளவு வருகிறது என்பதுதான் முக்கியம்.

வெயில் விஷயத்தில் அவர்கள் சொன்னது உண்மைதான். தகட்டில் ஒட்டியிருக்கும் எண் 25 டிகிரியில் அளந்தது. நம் ஊரில் மத்தியானம் தகடு 60 டிகிரி தொடும். 35 டிகிரி வித்தியாசம். காட்மியம் டெல்லுரைடு டிகிரிக்கு 0.28 விழுக்காடு இழக்கும், மொத்தம் பத்தில் ஒரு பங்கு. பழைய சிலிக்கான் டிகிரிக்கு 0.45, அது 16 விழுக்காடு. போதாததற்கு நம் காற்றில் ஈரம் அதிகம். நீராவி அகச்சிவப்பில்தான் வெளிச்சத்தைக் கடிக்கிறது, காட்மியம் டெல்லுரைடு அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. அதனால் ஈரக்காற்றில் அதற்கு இழப்பு குறைவு.

சுங்கை டுவா வாத்தியார் | 5 மார்ச், இரவு 9:00

ஒரு திருத்தம். இப்போது விற்கும் சிலிக்கான் எல்லாம் 0.45 கிடையாது. பெர்க் வகை 0.35 அளவில் இருக்கிறது, ஹெட்டரோஜங்ஷன் வகை 0.26க்கே இறங்கிவிட்டது. பெரியவரிடம் அதையும் சொல்லுங்கள்.

பிறைக்காரன் | 5 மார்ச், இரவு 9:35

வாத்தியார் சொன்னதைச் சேர்த்தே படியுங்கள் ஐயா. விலை சொன்ன ஆளிடம் தகட்டின் விவரத்தாளைக் கேளுங்கள், வெப்பக் குணகம் என்று ஒரு வரி இருக்கும். 0.30க்குக் கீழே இருந்தால் மகிழ்ச்சி.

ஹெட்டரோஜங்ஷன் சிலிக்கானுக்கு ஏன் குணகம் இறங்கியது தெரியுமா? மின்னழுத்தத்தை உயர்த்தினார்கள். மேற்பரப்பில் எலக்ட்ரானும் துளையும் சேர்ந்து அழியும் மறுசேர்க்கையை அடக்கினார்கள், மின்னழுத்தம் ஏறியது, சூட்டுக்குக் கலங்காமல் நிற்கிறது. கமலி, உன் கேள்வியும் இதுவேதான்.

குமரன், ஜார்ஜ்டவுன் | 6 மார்ச், காலை 10:30

பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைச் செல் 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. 4 விழுக்காட்டுக் கெஸ்டரைட்டோடு ஒரு மாணவியை ஏன் போராட விடுகிறீர்கள்? தலைப்பை மாற்றச் சொல்லுங்கள்.

பிறைக்காரன் | 6 மார்ச், இரவு 8:20

குமரன், 26 விழுக்காடு உண்மை, மறுக்கவில்லை. அந்தச் செல்லைப் பாதுகாப்பு உறையில்லாமல் நம் ஊர் நவம்பர் மழையில் வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். உள்ளே இருக்கும் ஈயச் சேர்மம் தண்ணீரில் கரையும். நான் அக்கரையில் மெல்லிய படல ஆலை ஒன்றில் வேலை பார்த்தவன். 85 டிகிரி சூடு, 85 விழுக்காடு ஈரம், ஆயிரம் மணிநேரம் என்ற பெட்டிச் சோதனைக்குள் தகடுகளை அடுக்குவதும் எடுப்பதும் பல காலம் என் வேலை. உள்ளே நல்ல எண்ணோடு போய், வெளியே வரும்போது ஓரங்கள் வெளுத்துப் போனவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். 25 ஆண்டு கூரையில் நிற்பது என்பது வேறு கதை. சல்பைடுகளும் டெல்லுரைடுகளும் கல்லைப்போன்ற பொருள்கள், அந்தக் கல்தன்மைக்கு மதிப்பு உண்டு.

இன்னொன்று. டெல்லுரியம் தாமிரச் சுத்திகரிப்பின் உபபொருளாகத்தான் கிடைக்கிறது, இண்டியம் துத்தநாகத்தின் உபபொருள். விரும்பிய அளவு தோண்டி எடுக்க முடியாது. கெஸ்டரைட்டின் நான்கு தனிமங்களும் எங்கும் கிடைப்பவை. அதற்காகத்தான் இத்தனை நாட்டில் இத்தனை பேர் முட்டி மோதுகிறார்கள். ஐபிஎம் 2013இல் செலினியம் கலந்து 12.6 எடுத்தது. பல ஆண்டு யாராலும் அதைத் தாண்ட முடியவில்லை, இப்போது 14க்கு மேல் போய்விட்டது. செத்த துறை இப்படி நகராது.

பிறைக்காரன் | 7 மார்ச், இரவு 10:05

நேற்று முழுவதும் குமரன் கேட்டதே மனதில் ஓடியது. அவர் கேள்விக்குள் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது: கெஸ்டரைட்டுக்கென்றே ஒரு பிறவிக் குறை உண்டு. தாமிரமும் துத்தநாகமும் தனிம அட்டவணையில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், அயனி அளவும் ஏறக்குறைய ஒன்றே. படிகத்துக்குள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்கார்ந்துவிடும். அதனால் ஆற்றல் இடைவெளியின் விளிம்பு கூராக இருக்காது, கலைந்து வால்விட்டுக் கிடக்கும். மின்னழுத்தத்தின் ஒரு பங்கு அந்த வாலில் போகிறது. சுமார் 260 டிகிரிக்கு மேலே இந்த இடமாற்றம் தாறுமாறாகிறது. அதற்குக் கீழே மெதுவாகக் குளிரவிட்டால் கொஞ்சம் ஒழுங்குக்கு வரும். கொஞ்சம்தான். தாமிரத்தில் ஒரு பங்கை வெள்ளியாக மாற்றிப் பார்ப்பவர்களின் நோக்கமும் இதுவே, வெள்ளி அயனி பெரியது, துத்தநாகத்தோடு எளிதில் இடம் மாறாது.

ஆனால் 3.9இல் நிற்கும் செல்லை அந்த வால் பிடித்து இழுக்கவில்லை. வால் இருந்தும் 10, 11 எடுத்திருக்கிறார்கள். கமலிக்கு இழப்பு வேறெங்கோ.

கமலி | 9 மார்ச், மாலை 5:15

கண்ணாடி மாற்றிவிட்டேன். மின்னழுத்தம் 590, ஃபில் ஃபேக்டர் 52, மின்னோட்டம் 15.5. கிட்டத்தட்ட 4.8! இழப்பு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணே?

பிறைக்காரன் | 9 மார்ச், இரவு 9:10

நல்ல செய்தி! மூன்று அளவீடு செய்.

முதலில் உன் மின்னோட்டத்தையே சரிபார். செல்லைச் சுற்றிக் கீறித் தனியாகப் பிரித்தாயா, மேலே மறைப்புத் தகடு வைத்தாயா? இல்லாவிட்டால் ஓரத்தில் விழும் வெளிச்சமும் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு அலைநீளத்திலும் எத்தனை எலக்ட்ரான் வருகிறது என்ற குவாண்டம் திறன் வளைவைத் தொகுத்தால் ஒரு மின்னோட்டம் கிடைக்கும். அதுவும் சூரிய விளக்கின் கீழ் அளந்ததும் ஒத்துப் போகவேண்டும்.

அந்த வளைவையே எதிர்த்திசை மின்னழுத்தம் கொடுத்து மறுபடி எடு. சிவப்புப் பக்கம் ஏறினால், பிறந்த எலக்ட்ரான் வந்து சேரவில்லை என்று பொருள். ஏறாவிட்டால் வெளிச்சம் வேறெங்கோ போகிறது. 520 நானோமீட்டருக்குக் கீழே பள்ளம் இருந்தால் அது காட்மியம் சல்பைடு விழுங்கியது, அந்த அடுக்கை மெலிதாக்கலாம்.

மூன்றாவதுதான் பெரியது. செல்லைக் குளிர்வித்துக்கொண்டே மின்னழுத்தத்தை அள. வெப்பநிலைக்கு எதிராகக் கோடு போட்டுப் பூஜ்ஜியக் கெல்வின் வரை நீட்டு. கோடு ஆற்றல் இடைவெளிக்குப் பக்கத்தில் முட்டினால் இழப்பு படலத்தின் உடலுக்குள்ளே. அதற்கு நன்றாகக் கீழே முட்டினால் இழப்பு மேல் எல்லையில், சல்பைடு தொடும் இடத்தில். இதைத் தெரிந்துகொள்ளாமல் தடிமன், சூடு, நேரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவதைத்தான் நம் ஆய்வேடுகளில் அதிகம் பார்க்கிறேன். எனக்கு அது மனவருத்தமாகவே இருக்கிறது. நல்ல பிள்ளைகளின் உழைப்பு அப்படியே கரைகிறது.

பிறைக்காரன் | 10 மார்ச், காலை 6:50

ஈரத்தைப் பற்றி. சூடாக்கி எடுத்த படலத்தை மேசையில் விட்டுவிட்டு வார இறுதிக்கு ஊருக்குப் போகாதே. பாங்கி ஊரில் படித்த காலத்தில், வெள்ளிக்கிழமை எடுத்த படலத்துக்கும் திங்கட்கிழமை அதன்மேல் சல்பைடு பூசியதற்கும் இடையே என்ன நடக்கிறது என்று பலமுறை பார்த்தேன். மேற்பரப்பில் ஆக்சைடும் சோடியச் சேர்மமும் சேர்ந்துவிடும். எடுத்த அன்றைக்கே பூசு, முடியாவிட்டால் உலர்பெட்டியில் வை. காட்மியம் கரைசலில் கை வைக்கும்போது கையுறை, கழிவைத் தனிப் புட்டியில். சிங்கில் ஊற்றாதே.

பிஎம் தாத்தா | 10 மார்ச், காலை 7:30

காட்மியம் விஷம் ஆயிற்றே. அந்தத் தகடுகளைக் கூரையில் வைத்தால் மழைத்தண்ணீரில் கலக்காதா?

பிறைக்காரன் | 10 மார்ச், இரவு 8:00

டெல்லுரியத்தோடு கட்டுண்ட காட்மியம் தண்ணீரில் கரைவது மிகமிகக் குறைவு ஐயா, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வேறு மூடியிருக்கிறது. கவனம் வேண்டியது ஆயுள் முடிந்த பிறகு. குப்பைமேட்டுக்குப் போகக்கூடாது, மறுசுழற்சிக்குப் போகவேண்டும். கூலிமிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

விஷம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. காட்மியம் டெல்லுரைடு செல்லுக்குக் காட்மியம் குளோரைடு பூசி 400 டிகிரி பக்கத்தில் சூடு காட்டுவார்கள். அது இல்லாமல் செல் உருப்படாது, குளோரின் மணி எல்லைகளில் போய்ச் சேர்ந்து வேலை செய்கிறது. காட்மியம் குளோரைடு தண்ணீரில் கரையும் நஞ்சு. 2014இல் லிவர்பூலில் அதற்குப் பதில் மக்னீசியம் குளோரைடு போதும் என்று காட்டினார்கள். தோஃபு உறையச் செய்யப் போடும் அதே உப்பு! விலை மிகக் குறைவு. செல்லும் அதே அளவு வேலை செய்தது.

பிறைக்காரன் | 12 மார்ச், இரவு 11:00

டெல்லுரைடு பேச்சு வந்ததால் அங்கே மின்னழுத்தத்தோடு எப்படி மல்லுக்கட்டினார்கள் என்பதையும் எழுதிவைக்கிறேன், கமலிக்கு வழி தெரியும்.

முன்பக்கம் காட்மியம் சல்பைடு நீலத்தை விழுங்கியது, அதை எடுத்துவிட்டு மக்னீசியம் துத்தநாக ஆக்சைடு போட்டார்கள். அடுத்து, முன்புறத்தில் செலினியம் கலந்தார்கள். இடைவெளி 1.4 அளவுக்குச் சுருங்கி மின்னோட்டம் ஏறியது. இடைவெளி சுருங்கினால் மின்னழுத்தமும் இறங்க வேண்டும், ஆனால் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. செலினியம் படிகத்தின் உள்ளே இருந்த குறைகளையும் அடைக்கிறது என்று 2019இல் அளந்து காட்டினார்கள்.

மிஞ்சியது தாமிரம். துளைகளைக் கூட்டத் தாமிரம் போடுவது பழைய வழக்கம். அது உள்ளே அலைந்துகொண்டே இருக்கும், ஆண்டுக்காண்டு தகடு மெலிவதற்கு அதுவும் காரணம். துளை அடர்த்தியும் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. 2016இல் அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தில் ஒற்றைப் படிகத்தில் பாஸ்பரஸ் போட்டு 1 வோல்ட்டைத் தாண்டினார்கள். பல்படிகத்தில் ஆர்சனிக் போடுகிறார்கள். துளை அடர்த்தி நூறு மடங்கு ஏறுகிறது, அது இடம்விட்டு அலைவதும் இல்லை. செல் இப்போது 23 விழுக்காட்டைத் தொட்டிருக்கிறது. ஆனால் போட்ட ஆர்சனிக்கில் சிறு பங்குதான் உருப்படியாக வேலை செய்கிறது, மற்றது சும்மா உட்கார்ந்து குறையாக நிற்கிறது. அடுத்த பத்தாண்டு வேலை அங்கேதான்.

கமலி | 20 மார்ச், இரவு 8:40

அண்ணே, குளிர் அளவீடு இன்னோர் ஆய்வகத்தில் செய்து கொடுத்தார்கள். கோடு 1.1 எலக்ட்ரான் வோல்ட்டில் முட்டுகிறது. என் படலத்தின் இடைவெளி 1.5. குவாண்டம் திறன் எதிர்மின்னழுத்தத்தில் சிவப்புப் பக்கம் கொஞ்சம் ஏறுகிறது.

பிறைக்காரன் | 20 மார்ச், இரவு 9:55

அப்படியென்றால் சந்தேகமே இல்லை, மேல் எல்லைதான். கெஸ்டரைட்டின் கடத்துப் பட்டையைவிடக் (எலக்ட்ரான் ஓடும் ஆற்றல் மட்டம்) காட்மியம் சல்பைடின் கடத்துப் பட்டை கீழே இருக்கிறது, பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தில் எலக்ட்ரான் தேங்கி, துளையோடு சேர்ந்து போய்விடுகிறது. செலினைடு செல்களில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை, அவற்றுக்கு அதே சல்பைடு நன்றாகப் பொருந்தும்.

இரண்டு வழி. ஒன்று, சல்பைடுக்குப் பதில் துத்தநாக வெள்ளீய ஆக்சைடு. அதற்கு அணு அடுக்குப் பூச்சு இயந்திரம் வேண்டும், உங்களிடம் இல்லை. மற்றது எளிது. சல்பைடு பூசிய பிறகு, மேலே ஆக்சைடு போடுவதற்கு முன், அந்தச் சந்திப்பையே மிதமாகச் சூடாக்குவது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இந்த வழியில்தான் 2018இல் செலினியமே இல்லாத கெஸ்டரைட்டை 11 விழுக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். சூட்டில் தனிமங்கள் எல்லையைத் தாண்டிக் கலந்து பள்ளம் சமனாகிறது.

ஒரே கண்ணாடியை இரண்டாக வெட்டு. பாதியைச் சூடாக்கு, பாதியை அப்படியே விடு, மற்ற எல்லா அடுக்கும் ஒன்றாகவே போட்டு முடி. இரண்டையும் மறுபடி குளிர் அளவீட்டுக்கு அனுப்பு. சூடாக்கிய பாதியில் கோடு 1.1இலிருந்து மேலே நகர்ந்தால், செல் 6 விழுக்காட்டில் இருந்தாலும் சரி, அந்த நகர்வைத்தான் ஆய்வேட்டின் முதல் படமாகப் போடவேண்டும்.

கமலி | 20 மார்ச், இரவு 10:10

எத்தனை டிகிரியில் தொடங்கட்டும்?

பிறைக்காரன் | 20 மார்ச், இரவு 10:20

200இல் தொடங்கு, நைட்ரஜனில், பத்து நிமிடம். பிறகு 25 டிகிரியாக ஏற்று. 300ஐத் தாண்டும்போது ஒவ்வொரு படியிலும் ஃபில் ஃபேக்டரைப் பார். அது விழத் தொடங்கினால் காட்மியம் அளவுக்கு மேல் உள்ளே போகிறது, அங்கே நிறுத்திவிடு.